ஒரு பெயர், பல உயிர்: வாழை வாடல்நோய்ப் பூஞ்சையை மரபணு வரிசையால் பிரித்தறிதல்

‘வாழையடி வாழையாக’ என்று வாழ்த்துவது நம் மரபு. மணமக்களை வாழ்த்தும்போதும் புதுமனை புகும்போதும் இவ்வாழ்த்தைக் கூறுகிறோம். இதற்குள் ஓர் உயிரியல் உண்மை அடங்கியிருக்கிறது. நாம் உண்ணும் வாழை விதையால் பெருகுவதில்லை. தாய்க்கிழங்கின் பக்கத்திலிருந்து எழும் கன்றால் பெருகுகிறது. எனவே தாயும் கன்றும் மரபணுவால் ஒன்றே. தாயின் சுவையும் மணமும் மாறாமல் கன்றுக்கு வந்து சேர்வது இதனால்தான்.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்றுண்டு. தாயால் எதிர்க்க இயலாத நோயைக் கன்றாலும் எதிர்க்க இயலாது. தாய்க்கிழங்கில் நோய்க்கிருமி குடியிருந்தால், அதுவும் கன்றோடு சேர்ந்தே அடுத்த நிலத்திற்குப் பயணம் செய்யும். வாழை பரம்பரையாகத் தழைப்பதைப் போலவே, வாழையின் நோயும் பரம்பரையாகத் தழைக்க முடியும்.

மலேசியாவில் வாழை மிகுதியாகப் பயிரிடப்படும் மாநிலங்களுள் ஜொகூரும் ஒன்று. பெருந்தோட்டங்கள் ஒருபுறமிருக்க, வீட்டுக் கொல்லைகளிலும் சிறுநிலங்களிலும் வளரும் வாழைகள் எண்ணற்றவை. அத்தகைய நிலமொன்றில் ஒரு வாழை வாடத் தொடங்கினால் அதன் உரிமையாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இது எந்த நோய்?’ என்பது. அதைவிடக் கடினமான இரண்டாம் கேள்வி, ‘அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சையின் எந்தத் திரிபு இது?’ என்பது. இரண்டாம் கேள்விக்கு விடை காண மரபணு வரிசை எவ்வாறு துணை செய்கிறது என்பதையும், அத்துணையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் இவ்வுரையில் காண்போம்.

நோயின் இயல்பு

வாழை வாடல்நோயைப் பனாமா வாடல்நோய் என்றும் அழைப்பர். இதனை உண்டாக்குவது ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை. இது மண்ணிலிருந்து வேர் வழியாக நுழைந்து, நீரை மேலே கொண்டுசெல்லும் குழல்களை அடைகிறது. அங்கே அது வளர வளர, குழல்கள் அடைபடுகின்றன. நிலத்தில் ஈரம் இருந்தும் வாழைக்கு நீர் கிட்டுவதில்லை. முதலில் முதிர்ந்த இலைகளின் விளிம்பு மஞ்சளாகும். பின்னர் இலைக்காம்பு முறிந்து, இலைகள் தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். சில வேளைகளில் தண்டின் அடிப்பகுதி நீளவாக்கில் வெடிக்கும். தண்டை வெட்டிப் பார்த்தால், வெண்மையாக இருக்க வேண்டிய குழல்கள் செம்பழுப்பாகத் தெரியும்.

இந்நோய்க்கு மருந்தில்லை. பூஞ்சைக்கொல்லி தெளித்துக் குணப்படுத்த இயலாது. அதோடு, இப்பூஞ்சை தடித்த சுவருடைய உறங்குவித்துகளை உண்டாக்கி மண்ணில் விட்டுச் செல்கிறது. வாழையை அடியோடு அகற்றிய பிறகும் அவை பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். கன்று, சேறு படிந்த மண்வெட்டி, வண்டிச் சக்கரம், காலணி, வெள்ளநீர் ஆகிய ஒவ்வொன்றும் அவற்றை அடுத்த நிலத்திற்குக் கொண்டுசெல்ல வல்லது. ஆகவே நோய் வந்தபின் செய்யக்கூடியது ஒன்றே: வந்தது எது என்பதை அறிந்து, அதற்கேற்ப நிலத்தை அடைப்பதும் பயிரை மாற்றுவதும்.

பலபெயர் ஒருபொருள், ஒருபெயர் பலபொருள்

தொல்காப்பியர் திரிசொல்லை இருவகையாகப் பகுத்தார். ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் ஒருவகை. பல பொருள்களைக் குறிக்கும் ஒரு சொல் மற்றொரு வகை. வாழையின் வரலாற்றில் இவ்விரண்டு நிலைகளையும் காண்கிறோம்.

முதல் நிலைக்கு ரஸ்தாளி சான்று. தமிழர் ரஸ்தாளி என்பதை மலாய் மொழியினர் பிசாங் ராஸ்தாலி என்பர். ஆஸ்திரேலியாவில் அதற்குச் சர்க்கரை வாழை என்று பொருள்படும் பெயர் உண்டு. வாழை அறிவியலார் அதனைச் சில்க் என்னும் பிரிவில் வைப்பர். பெயர்கள் பலவாயினும் வாழை ஒன்றே. தமிழகத்தின் கற்பூரவல்லியும் இங்குள்ள பிசாங் ஆவாக்கும் அவ்வாறே ஒன்று.

இந்த ரஸ்தாளிக்கும் நம் பொருளுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. வாழை வாடல்நோயைப் பற்றிய முதல் அறிவியல் பதிவு பனாமாவிலிருந்து வந்ததன்று. 1870களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரை அடுத்த பகுதியில் ஜோசப் பான்கிராஃப்ட் என்னும் மருத்துவர் வாடிய வாழைகளை ஆராய்ந்து எழுதினார். அவர் கண்ட வாழை, அந்நாட்டார் சர்க்கரை வாழை என்றழைத்த ரஸ்தாளியே.

இரண்டாம் நிலைக்குப் பூஞ்சை சான்று. 1910இல் அமெரிக்கத் தாவர நோயியல் அறிஞர் எர்வின் ஸ்மித், கியூபாவிலிருந்து வந்த வாழைத் திசுவிலிருந்து பூஞ்சையைப் பிரித்து அதற்குக் கியூபென்ஸ் என்று பெயரிட்டார். பின்னர் அது ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்னும் பெரிய சிற்றினத்துக்குள் ‘கியூபென்ஸ்’ என்னும் சிறப்பு வடிவமாக வைக்கப்பட்டது. ‘சிறப்பு வடிவம்’ என்பது தாக்கும் பயிரைக் கொண்டு இடப்படும் பெயர். தக்காளியைத் தாக்கினால் ஒரு பெயர்; முலாம்பழக் கொடியைத் தாக்கினால் இன்னொரு பெயர்; வாழையைத் தாக்கினால் கியூபென்ஸ். எல்லாப் பூஞ்சைகளும் நுண்ணோக்கியின் கீழ் ஏறத்தாழ ஒரே தோற்றம் உடையவை. ஆகவே வாழையை வாட்டும் அனைத்தும் ஒரே உயிரின் வழிவந்தவை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்து பிழையென்று பின்னர் வெளிப்பட்டது.

திரிபை அறிவது ஏன் இன்றியமையாதது?

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலக வாணிகத்தை ஆண்ட வாழை குரோ மிஷேல். மலேசியாவில் அதனைப் பிசாங் எம்புன் என்பர். இலத்தீன் அமெரிக்கத் தோட்டங்களில் வாடல்நோய் அதனை அழித்தது. 1950, 1960களில் வாணிக நிறுவனங்கள் கேவண்டிஷ் வாழைக்கு மாறின. குரோ மிஷேலை அழித்த திரிபைக் கேவண்டிஷ் தாங்கி நின்றது. அத்திரிபை ‘இனம் 1’ என்பர். புளுக்கோ முதலிய சமையல் வாழைகளைத் தாக்குவது ‘இனம் 2’. கேவண்டிஷையும் தாக்க வல்லது ‘இனம் 4’.

1960களின் பிற்பகுதியிலிருந்து தைவானில் கேவண்டிஷ் வாழைகள் வாடத் தொடங்கின. 1990களின் தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஏற்றுமதிக்காகப் புதிதாக நிறுவப்பட்ட கேவண்டிஷ் தோட்டங்கள் அழிந்தன. இதற்குமுன் கேவண்டிஷ் வாடியது பெரும்பாலும் குளிர்ப்பருவம் உள்ள துணைவெப்பமண்டல நாடுகளில்தான். குளிரால் நலிந்த வாழையே நோய்க்கு இரையாகிறது என்று விளக்கம் கூறப்பட்டது. மலேசியாவிலோ குளிர்காலமே இல்லை. வெப்பமண்டலத்தில் நலமாக நின்ற கேவண்டிஷையே இத்திரிபு வீழ்த்தியது. ஆகவே அதற்கு ‘வெப்பமண்டல இனம் 4’ என்னும் தனிப்பெயர் ஏற்பட்டது; சுருக்கமாக டி.ஆர்.4. நாம் அன்றாடம் உண்ணும் பிசாங் பெராங்கானும் அதற்குத் தப்புவதில்லை.

திரிபை அறிவதன் பயன் இங்கேதான் தெளிவாகிறது. ஒரு சிறுநிலத்தில் ரஸ்தாளி வாடுகிறது என்று கொள்வோம. அது இனம் 1 ஆக இருந்தால், அந்நிலத்தில் கேவண்டிஷ் வைத்துப் பிழைக்க வழியுண்டு. அது டி.ஆர்.4 ஆக இருந்தால் கேவண்டிஷும் போகும், பெராங்கானும் போகும், அக்கம்பக்கத்து நிலங்களையும் காக்க வேண்டும். ரஸ்தாளியின் வாட்டத்தைக் கண்ணால் பார்த்து இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது.

பழைய சோதனைகள்

மரபணு வரிசை எட்டாத காலத்தில் அறிஞர் இருவழிகளைக் கையாண்டனர். முதல் வழி, பூஞ்சையை வெவ்வேறு வாழை இரகங்களின் இளங்கன்றுகளில் செலுத்தி, எது வாடுகிறது என்று பார்ப்பது. இது நேரடியான சான்றே. ஆயினும் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெப்பம், கன்றின் வயது, செலுத்திய வித்துகளின் அளவு ஆகியவை மாறினால் முடிவும் மாறலாம்.

இரண்டாம் வழி, பூஞ்சைகளின் இணக்கத்தைச் சோதிப்பது. 1985இல் புஹல்லா என்னும் அறிஞர் ஃபியூசேரியத்துக்கு இம்முறையை வகுத்தார். நைட்ரேட்டைப் பயன்படுத்தும் ஆற்றலை இழந்த இரு பூஞ்சைகளை ஒரே தட்டில் எதிரெதிராக வளர்ப்பர். ஒவ்வொன்றும் தனியே மெலிந்தே வளரும். இரண்டும் இணக்கமுடையவையாயின், சந்திக்கும் இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று கூடி, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். அக்கோட்டில் வளர்ச்சி அடர்த்தியாகும். அவ்வாறு கூடுபவை ஒரே இணக்கக் குழுவைச் சேர்ந்தவை. வாழைப் பூஞ்சையில் இருபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் அறியப்பட்டுள்ளன. டி.ஆர்.4 என்பது 01213, 01216 என்னும் எண்களுடைய குழு.

இச்சோதனை நம்பகமானது; ஆனால் மெதுவானது. அதோடு, இரண்டு பூஞ்சைகள் ஒரே குழுவா, வேறு குழுவா என்று மட்டுமே சொல்லும். வேறு குழுக்களாயின் அவற்றுள் உறவு நெருக்கமா, தொலைவா என்று சொல்லாது. அதைச் சொல்லவல்லது மரபணு வரிசை.

எழுத்துகளை ஒப்பிடுதல்

உயிரின் மரபுச் செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது: ஏ, டி, ஜி, சி. இப்பூஞ்சையின் முழு மரபுத்தொகுதி ஏறத்தாழ ஐந்து கோடி எழுத்துகள் உடையது. ஒவ்வொரு முறை உயிரணு பிரியும்போதும் இவ்வளவும் படியெடுக்கப்படும். படியெடுக்கையில் எப்போதேனும் ஓரெழுத்து பிழைபடும். அப்பிழை அடுத்த தலைமுறைக்கும் செல்லும்.

தமிழ் ஆசிரியர்க்கு இது புதிய செய்தியன்று. ஏடுகளைப் படியெடுத்தோர் செய்த பிழைகளைக் கொண்டே பதிப்பாசிரியர்கள் ஏடுகளின் உறவை ஆய்ந்தனர். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து திரட்டிய ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் கண்டார். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவ்விரண்டும் அப்பிழையுடைய ஒரே மூல ஏட்டிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கருதுவது பாட ஆய்வின் நெறி. பூஞ்சையின் மரபணுவிலும் இதே நெறியைக் கையாளுகிறோம்.

விளங்குவதற்காகக் கற்பனையாக நான்கு மாதிரிகளைக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரே மரபணுவின் எட்டு எழுத்துகளைப் படிக்கிறோம்.

முதல் மாதிரி: ஏ ஜி சி டி டி ஏ சி ஜி
இரண்டாம் மாதிரி: ஏ ஜி சி சி டி ஏ சி ஜி
மூன்றாம் மாதிரி: ஏ ஜி சி சி டி ஏ டி ஜி
நான்காம் மாதிரி: ஏ டி சி டி டி ஏ சி ஜி

இவற்றுக்குத் தொலைவுறவான வேறொரு பூஞ்சையில் முதல் மாதிரியின் எழுத்துகளே உள்ளன என்றும் கொள்வோம். அப்படியாயின் முதல் மாதிரியின் பாடமே பழமையானது. இரண்டாம், மூன்றாம் மாதிரிகளில் நான்காம் இடத்து ‘டி’ என்பது ‘சி’ ஆகியிருக்கிறது. இப்பிழை இரண்டிலும் இருப்பதால் அவை ஒரு கிளையினர். மூன்றாவதில் ஏழாம் இடத்திலும் ஒரு மாற்றம் உள்ளது. ஆகவே அது அக்கிளையில் பின்னர்ப் பிரிந்தது. நான்காம் மாதிரி இரண்டாம் இடத்தில் மட்டும் மாறியது, அது தனிக்கிளை. இவ்வாறு எட்டு எழுத்துகளிலேயே ஒரு குடிவழியை வரைந்துவிட்டோம். ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான எழுத்துகளைக் கணினி ஒப்பிடுகிறது, நெறி இதுவே.

எந்தப் பகுதியைப் படிப்பது?

எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. உயிர் வாழ்வதற்கு இன்றியமையாத மரபணுவில் பெரும்பாலான பிழைகள் அவ்வுயிரையே மாய்த்துவிடும். ஆகவே அப்பகுதி நெடுங்காலம் மாறாதிருக்கும். அதைப் படித்தால் ‘இது ஃபியூசேரியம்’ என்ற அளவில் அறியலாம். திரிபுகளைப் பிரிக்க இயலாது. பயன்பாடு குறைந்த பகுதிகள் விரைவாக மாறும். திரிபுகளைப் பிரிக்க அவையே உதவும்.

இக்காரணத்தால் ஃபியூசேரிய ஆய்வாளர்கள் இரு பகுதிகளைப் பெரிதும் நாடினர். ஒன்று, புரத ஆக்கத்தில் பங்குபெறும் நீட்சிக் காரணியின் மரபணு. இதில் மாறாப் பகுதிகளும் மாறும் பகுதிகளும் கலந்துள்ளன. மற்றொன்று, ரைபோசோம் மரபணுத் தொகுதிகளுக்கு நடுவே அமைந்த இடைவெளிப் பகுதி. இது மேலும் விரைவாக மாறுவது.

1998இல் அமெரிக்காவைச் சேர்ந்த கெரி ஓடானெல் குழுவினர் நீட்சிக் காரணி மரபணுவையும் மைட்டோகாண்ட்ரிய மரபணு ஒன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, பழைய கருத்தை மாற்றியது. வாழையைத் தாக்கும் பூஞ்சைகள் ஒரே குடிவழியின அல்ல. பல தனித்தனிக் கிளைகளில் சிதறிக் கிடந்தன. அவற்றுள் சில, வாழையைத் தாக்கும் மற்றொரு திரிபைக் காட்டிலும் வேறு பயிர்களைத் தாக்கும் பூஞ்சைகளுக்கு நெருங்கிய உறவுடையவை. வாழையை வாட்டும் ஆற்றல் ஒருமுறை மட்டும் தோன்றவில்லை. வெவ்வேறு கிளைகளில் வெவ்வேறு காலத்தில் தோன்றியது. ‘கியூபென்ஸ்’ என்பது வேறுபொருள் குறித்த ஒருசொல் என்பது அன்று தெளிவாயிற்று. 2019இல் இந்தோனேசிய, டச்சு ஆய்வாளர்கள் டி.ஆர்.4ஐத் தனிச் சிற்றினமாக்கி, ‘மிகுந்த மணமுடையது’ என்று பொருள்படும் ஓடரட்டிசிமம் என்னும் பெயரை முன்மொழிந்தனர். அப்பெயரை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை; பெயர் பற்றிய உரையாடல் தொடர்கிறது.

இடைச்செருகல்

தனித்தனிக் கிளைகள் எவ்வாறு ஒரே ஆற்றலைப் பெற்றன? இதற்கு ஒரு விடை தக்காளிப் பூஞ்சையிலிருந்து கிடைத்தது. நோயுற்ற தக்காளிச் செடியின் குழல்சாற்றில், பூஞ்சை சுரந்த சில சிறுபுரதங்களை நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ‘குழலில் சுரப்பவை’ என்று பொருள்படும் அவற்றின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கிச் சிக்ஸ் மரபணுக்கள் என்றனர். நோயை உண்டாக்குவதில் அவற்றுட் பலவற்றுக்குப் பங்குண்டு. 2010இல் வெளிவந்த ஆய்வொன்று மேலும் வியப்பான செய்தியைத் தந்தது. நோய் உண்டாக்கும் பூஞ்சையிலிருந்து இரண்டு முழு நிறப்புரிகள் நோய் உண்டாக்காத பூஞ்சைக்கு மாறின. அதன்பின் அந்தத் தீங்கற்ற பூஞ்சையும் தக்காளியை வாட்டியது.

ஏட்டு மரபில் இதனை இடைச்செருகல் என்போம். ஒரு நூலின் ஏடுகளுக்கு நடுவே வேறொரு நூலின் ஏடு புகுந்துவிட்டால், அவ்வேட்டை மட்டும் படிப்பவர் நூலின் வரலாற்றைத் தவறாக உணர்வார். பூஞ்சையிலும் அவ்வாறே. பொதுவான மரபணுக்கள் அதன் குடிவழியைச் சொல்லும். நோய் தரும் மரபணுக்கள் அதன் தொழிலைச் சொல்லும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஆகவே நல்ல சோதனை இரண்டையும் படிக்கிறது. சிக்ஸ் மரபணுக்களுள் எட்டாம் எண்ணுடையது, இனம் 4 திரிபுகளை இனம் 1, 2 திரிபுகளிலிருந்து பிரிக்க உதவுவது இதற்குச் சான்று.

இரண்டு எழுத்துகளின் சோதனை

வயலில் வாழை வாடும்போது முழு வரிசையையும் படிக்க நேரமில்லை. விரைவான சோதனை வேண்டும். 2010இல் வெளியான ஒரு சோதனை பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. ரைபோசோம் இடைவெளிப் பகுதியில் டி.ஆர்.4க்கு உரிய இரண்டு எழுத்து வேறுபாடுகளை அது பற்றிக்கொள்கிறது. கோவிட் காலத்தில் நாம் அனைவரும் அறிந்த பி.சி.ஆர். முறையே இதற்கும் அடிப்படை. தேடும் வரிசை மாதிரியில் இருந்தால் மட்டும் அத்துண்டு இரட்டித்து இரட்டித்துப் பெருகும். முப்பது சுற்றுகளில் ஒன்று நூறு கோடிக்கும் மேலாகும். இச்சோதனையில் டி.ஆர்.4 இருந்தால் 463 எழுத்து நீளமுள்ள துண்டு தோன்றும். மாதக்கணக்கில் காத்திருந்த இடத்தில் ஒருநாளில் விடை கிடைத்தது.

ஆயினும் இவ்விடையை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. 2019இல் ஈக்வடார் நாட்டைப் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. உலகில் வாழைப்பழத்தை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடு அது. அக்காலத்தில் அங்கு டி.ஆர்.4 இருப்பதாக அறிவிக்கப்படவில்லை. அங்கே நலமான வாழை வேர்களில் தீங்கின்றி வாழ்ந்த சில ஃபியூசேரியப் பூஞ்சைகள், டி.ஆர்.4க்கான பி.சி.ஆர். சோதனைகளில் ‘உண்டு’ என்று காட்டின. அவை வாழையை வாட்டவில்லை. சோதனை தேடிய எழுத்துகள் தற்செயலாக அவற்றிலும் இருந்தன. சோதனைத்தாளை மட்டும் நம்பியிருந்தால் நலமான தோட்டம் முடக்கப்பட்டிருக்கும். தொழிலாளர் வேலை இழந்திருப்பர்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. தமிழகத்தில் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு கேவண்டிஷ் பிரிவைச் சேர்ந்த கிராண்ட் நைன் வாழைக்குப் பெயர்பெற்றது. அங்கே அவ்வாழைகள் வாடின. ‘கேவண்டிஷ் வாடினால் அது இனம் 4’ என்னும் வாய்பாட்டின்படி அது டி.ஆர்.4 ஆக வேண்டும். திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் அறிஞர்கள் இணக்கக் குழுச் சோதனை செய்து, அது இனம் 1ஐச் சேர்ந்த 0124 குழுவின் வீரியமிக்க திரிபு என்று 2010இல் அறிவித்தனர். அதன்பின் சில ஆண்டுகள் கழித்தே, பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் உண்மையான டி.ஆர்.4 கண்டறியப்பட்டது. நோயைக் கண்டு பெயரை ஊகிப்பது எவ்வளவு தவறாகலாம் என்பதற்குத் தேனி சான்று. பெயரைக் கண்டு நோயை ஊகிப்பது எவ்வளவு தவறாகலாம் என்பதற்கு ஈக்வடார் சான்று.

ஆகவே இன்றைய நல்ல நடைமுறை பல சான்றுகளை ஒருங்கே வேண்டுகிறது: வயலில் கண்ட அறிகுறி, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பூஞ்சை, வெவ்வேறு பகுதிகளைப் பற்றும் இரண்டு மூன்று பி.சி.ஆர். சோதனைகள், தேவைப்பட்டால் வரிசையாக்கம், இறுதியில் கன்றில் செலுத்திப் பார்த்தல். ஓர் ஏட்டை மட்டும் கண்டு பாடத்தை முடிவுசெய்யாத பதிப்பாசிரியரின் பொறுமையே இங்கும் வேண்டப்படுகிறது.

வழித்தடத்தைக் காணுதல்

முழு மரபுத்தொகுதியையும் படிப்பது இன்று எளிதாகியிருக்கிறது. ஒரே திரிபுக்குள்ளும் ஓரிரு எழுத்து வேறுபாடுகளைக் கண்டு, நோய் எங்கிருந்து எங்குச் சென்றது என்று அறிய முடிகிறது. டி.ஆர்.4 ஆசியாவிலிருந்து 1997இல் ஆஸ்திரேலியாவின் வடபகுதியையும், பின்னர் ஜோர்டான், மொசாம்பிக், பாகிஸ்தான் முதலிய நாடுகளையும், 2015இல் குவீன்ஸ்லாந்தையும், 2019இல் கொலம்பியாவையும், 2021இல் பெருவையும் எட்டியது. 2018இல் வெளிவந்த ஆய்வொன்று வியட்நாம், லாவோஸ், மியன்மார் ஆகிய நாடுகளின் மாதிரிகள் சீனத்தின் யுன்னான் பகுதி மாதிரிகளோடு நெருங்கிய உறவுடையவை என்று மரபுத்தொகுதி ஒப்பீட்டால் காட்டியது. இவ்வாறு வழி தெரிந்தால் வழியை அடைக்கலாம். நடவுப்பொருளால் வந்ததா, வண்டிச் சேற்றால் வந்ததா என்பதை அறிய எழுத்துகள் மட்டும் போதா. மனிதர் நடமாட்டத்தையும் விசாரிக்க வேண்டும். ஆனால் எங்கே விசாரிப்பது என்பதை எழுத்துகள் சுட்டிக்காட்டும்.

நாம் செய்யக்கூடியவை

பள்ளித் தோட்டத்திலோ வீட்டுக் கொல்லையிலோ ஒரு வாழை வாடினால், ‘வாடல்நோய்’ என்று பெயர்சூட்டி அடுத்த வேலைக்குச் செல்லலாகாது. மோக்கோ போன்ற பாக்டீரிய நோய்களாலும் வாழை வாடும். அந்நோயில் காயின் உட்பகுதியும் அழுகும். வாடிய வாழையின் கன்றைப் பிறருக்குத் தரவும் கூடாது. அங்கிருந்த மண்ணை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லவும் கூடாது. விவசாயத் துறைக்குத் தெரிவித்து மாதிரி எடுக்கச் செய்வதே முறை. புதிதாக நடுவோர் நோயற்ற திசுவளர்ப்புக் கன்றை நாடுவது நலம்.

வகுப்பறையிலும் இதற்கு இடமுண்டு. மேலே காட்டிய நான்கு மாதிரிகளைப் போல மாணவர்களே வரிசைகளை அமைத்துக் குடிவழி வரையலாம். ஒரு பத்தியை ஐந்து மாணவர் ஒருவரைப் பார்த்து ஒருவர் படியெடுக்கச் செய்து, பிழைகளைக் கொண்டு யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று மற்றவர் கண்டுபிடிக்கலாம். தமிழ் வகுப்புக்கும் அறிவியல் வகுப்புக்கும் அப்பயிற்சி பொதுவாகும்.

மரபணு வரிசை நோயை அடையாளம் காட்டுவதோடு நிற்கவில்லை. தீர்வையும் தேடித் தருகிறது. மலாயாத் தீபகற்பத்தின் காடுகளில் வளரும், விதை நிறைந்த காட்டுவாழை ஒன்றுண்டு. அதன் அறிவியல் பெயரில் உள்ள மலாக்கென்சிஸ் என்னும் சொல், ஜொகூரை அடுத்த மலாக்காவை நினைவூட்டுவது. டி.ஆர்.4ஐத் தாங்கிய அவ்வகை வாழையொன்றிலிருந்து ஒரு மரபணுவைக் கண்டெடுத்து, ஆஸ்திரேலிய அறிஞர்கள் கேவண்டிஷில் சேர்த்தனர். வயலாய்வின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. அவ்வழியில் உருவான வாழைக்கு 2024இல் ஆஸ்திரேலிய அரசு ஒப்புதல் அளித்தது. நம் ஊர்க் கடைகளில் விலைபோகாத, உண்ணப் பயன்படாத அந்தக் காட்டுவாழை இன்னும் நம் காடுகளில் நிற்கிறது. அதைக் காப்பதும் வாழையைக் காப்பதாகும்.